ரோஜர் என்றால் சரி

என் வீட்டுக்காரருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் தமிழ் வார்த்தை இல்லை. ரோஜர்.

அதை அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். வளைகுடா நாட்டில் பெரிய கடைத்தொகுதி ஒன்றில் செக்யூரிட்டி வேலை. காலையில் தோளில் மாட்டும் வோக்கி டோக்கியை ராத்திரிதான் கழற்றுவாராம். மற்ற வீட்டு ஆண்கள் கம்பளியும் சென்ட் போத்தலும் கொண்டுவந்தார்கள். இவர் அவற்றோடு அந்தப் பேச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில் இறக்கினார்.

அவர் அங்கே இருந்த காலத்தில் நான் ஹாலிஎலையில் ஒரு கொமினிகேசனில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, பாஸ்போர்ட் படத்தை வெட்டிக் கொடுப்பது. மேலே தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் கடையில் நான் இருக்கும் நேரம் பார்த்துத்தான் பேசுவார்.

"பையன் பரீட்ச எழுதிட்டானா? ஓவர்."

"அவன் ஒண்ணும் ஓவரா எழுதலீங்க. கேட்டதுக்குத்தான் எழுதியிருக்கான்."

"அது இல்ல புள்ள. சரி, வாற மாசம் கார்கோல சாமான் அனுப்புறேன். கொப்பி?"

"கொப்பி எதுக்குங்க? எத்தன வேணும்?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். எங்கள் ஊரில் கொப்பி என்றால் பிள்ளைகள் எழுதும் கொப்பி, இல்லாவிட்டால் மெசினில் எடுக்கும் கொப்பி. 'நான் சொன்னது விளங்கியதா' என்பதற்கு அங்கே கொப்பி என்று கேட்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

லீவில் வந்தபோது லயமே அவருடைய பேச்சைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பீலியில் நிற்கும் பெண்கள், "குடம் நெறஞ்சிருச்சு, ஓவர்" என்று கத்துவார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும்போது "ஓவர் அண்ட் அவுட்" என்று கூவினால் மட்டும் இவருக்குக் கோபம் வந்துவிடும். மட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விளக்கம் கொடுப்பார்.

"ஓவர்ன்னா நான் பேசி முடிச்சுட்டேன், இனி நீ பேசு, கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். அவுட்ன்னா பேச்சே முடிஞ்சு போச்சு, நீ பதில் சொல்ல வேணாம்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணாச் சொன்னா எப்புடி? பதில் வேணுமா, வேணாமா? சினிமாக்காரன் பண்ணுன கூத்து அது."

பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் கத்தினார்கள்.

ரோஜரைப் பற்றி முதலில் கேட்டவள் நான்தான். எங்கள் தோட்டங்களில் அப்படிப்பட்ட பெயர் ஒன்று வெள்ளைக்காரத் துரைக்கு இருக்கும், இல்லாவிட்டால் பங்களா நாய்க்கு இருக்கும். "யாருங்க அந்த ரோஜரு? நிமிசத்துக்கு ஒருவாட்டி கூப்புடுறீங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார். தந்தி தட்டிய காலத்தில் செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற ஓர் எழுத்தை மட்டும் தட்டிவிடுவார்களாம். பிறகு வாயால் பேசும் ரேடியோ வந்தது. இரைச்சலில் எழுத்துகள் குழம்பாமல் இருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வைத்தார்கள். ஆருக்கு வைத்த சொல் ரோஜர். ஆள் யாரும் இல்லை, வெறும் எழுத்து.

"அப்ப ரோஜர்ன்னா சரின்னு சொல்றது. அப்புடித்தானே?"

"இல்லவே இல்ல. ஒன் பேச்சு என் காதுக்கு வந்துச்சு. அம்புட்டுத்தான். சரின்னா அது வேற. செய்றேன்னா அது வேற. ஒவ்வொண்ணுக்கும் தனி வார்த்த இருக்கு."

இந்த "அது வேற" இருக்கிறதே, அதுதான் அவருடைய குணம் முழுக்க. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்பேன். ரோஜர் என்பார். அப்படியென்றால் ஏறிச் சரிபண்ணுவீர்களா என்று கேட்டால், அது வேற என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சொல்லாததைச் சொன்னேன் என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

வெளிநாட்டு வேலையை விட்டு அவர் ஒரேயடியாக வந்துவிட்ட பிறகுதான் அந்தப் பிரச்சினை வந்தது. எங்களுக்கு ஒரே மகன். பண்டாரவளையில் மரக்கறி மொத்தக் கடை ஒன்றில் வேலை செய்தான். அங்கே ஒரு பெண்ணை விரும்பினான். வேதக்காரப் பெண். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். நல்ல பிள்ளை, எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. இவரோ தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வருசா வருசம் கரகத்துக்கு முன்னால் நடக்கிற ஆள். மகன் நேரில் பேசப் பயந்துகொண்டு போனில் பேசினான். அதற்குள் லயத்துக்கும் சிக்னல் வந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சர்ச்லயும் கட்டிக்கிறேன், நம்ம கோயில்லயும் கட்டிக்கிறேன். நீங்க வந்து நின்னாப் போதும்ப்பா."

கடைசிவரை கேட்டார். அவன் முடித்ததும், "அவுட்" என்றார். போனை வைத்துவிட்டார்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவன் திரும்பத் திரும்ப எடுத்தான். இவர் போனையே அணைத்துப் போட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலேயே மட்டையைப் பறிகொடுத்துப் படித்தவன் என் மகன். அவனுக்கு விளங்க அதிக நேரம் பிடித்திருக்காது.

கல்யாணத்துக்கு நான் போனேன். அவர் கண் முன்னாலேயே பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பஸ் ஏறிப் போனேன். திரும்பி வந்தபோது எனக்கும் சேர்த்துச் சோறு ஆக்கி மூடி வைத்திருந்தார். எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "புள்ள மாப்ள கோலத்துல நல்லா இருந்தான்." ரோஜர் என்றார்.

மூன்று வருடங்கள் இப்படியே ஓடின. அவன் வீடு மாறிவிட்டான் என்றேன். ரோஜர். அவனுக்குக் காய்ச்சலாம் என்றேன். ரோஜர். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே ரோஜர் என்றார். கேட்டது என்று மட்டும்தான் சொல்கிறார், வேறு எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மகன் ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் கடைசியில், "அப்பா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று கேட்பான். வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைப்பேன்.

ஒரு காலை லயத்து வாசலில் கண்ணாடியை மாட்டி முகம் வழித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். ஆட்டோவில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாரிசவாதம். வலப்பக்கம் கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். "ரோஜர்."

அழுதுகொண்டே சிரித்தேன். பேச்சு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் வேணுமா? ரோஜர். வலிக்குதா? ரோஜர். குளிருதா, புழுங்குதா? ரோஜர், ரோஜர். வார்ட்டில் இருந்த சிங்கள டாக்டர் பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, மூளையில பேசுற இடம் பழுதாப் போச்சு. சில ஆளுக்கு நிறைய நாள் பழகின ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கும். சிலருக்கு சாமி பேரு. சிலருக்குக் கெட்ட வார்த்தை. சொல் வருது. ஆனா அர்த்தம் இருக்கா, இல்லையா, எங்களுக்கும் சொல்ல ஏலாது."

ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுப் பேசிய மனுசனுக்கு இந்தக் கதி.

மகனுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானமே வந்தான். கட்டில் பக்கத்தில் வந்து நின்றவன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். வழங்குகிற இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நான்தான்ப்பா வந்திருக்கேன். ஒங்க மனசு நோகப் பண்ணிட்டேன். என்னய மன்னிச்சிட்டீங்களாப்பா?"

அவர் அவனையே பார்த்தார். உதடு நடுங்கியது. வேறு ஏதாவது ஒரு வார்த்தை வந்துவிடாதா, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரா, ஒரு "ம்" என்றாவது வராதா என்று மாரியாத்தாவிடம் கெஞ்சினேன்.

"ரோஜர்" என்றார்.

என் மகன் அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அது சந்தோசத்தில் வந்த அழுகை. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அழுது ஓய்ந்து என் பக்கம் திரும்பினான். "அம்மா, கேட்டீங்களா?"

"கேட்டேன்ய்யா" என்றேன்.

அவன் போன பிறகு நான் அவரை விடவில்லை. காதருகே போய்க் கேட்டேன். "அந்தப் புள்ளய மன்னிச்சிட்டீங்களா, இல்லியா? ஆமான்னா என் கைய அமுத்துங்க." அமுத்தவில்லை. என்னைப் பார்த்து, "ரோஜர்" என்றார். "நான் யாருன்னு தெரியுதா?" ரோஜர். "நீங்க ஒரு கழுதயா?" ரோஜர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் அவர் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவரும் முன்பே மறுபடியும் பாரிசவாதம் அடித்தது. அதோடு போய்விட்டார்.

மகன்தான் கொள்ளி வைத்தான். யாரும் தடுக்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "அப்பா என்னய மன்னிச்சிட்டாங்க, அவங்க வாயாலேயே சொன்னாங்க" என்றான். கருமாதிக்கு மடுல்சீமையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வெளிநாட்டில் இவரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடமும் மகன் இதைச் சொன்னான். "ரோஜர்ன்னு சொன்னாங்க மாமா. நீங்களும் அந்த வேல பாத்தவங்க. ரோஜர்ன்னா சரின்னுதானே?"

அந்த மனுசர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். வார்த்தை விசயத்தில் என் வீட்டுக்காரரைப் போலத்தான் அவரும். "அது வந்து தம்பி, ரோஜர்ன்னா..." என்று தொடங்கினார்.

கையில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். "சரின்னுதான்ய்யா அர்த்தம்" என்றேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஆமா தம்பி, சரின்னு சொல்றதுதான்" என்றார். அவருக்குக் கோடி புண்ணியம்.

அது பொய். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செத்தவருக்கு வார்த்தை சுத்தமாக இருக்க வேண்டும், இருக்கிறவன் காலம் முழுக்க வெந்து சாக வேண்டும் என்றால் அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம். இப்போது மகன் தினமும் பின்னேரம் போன் பேசுகிறான். மருந்து வாங்கிவா என்றால் "ரோஜர்ம்மா" என்கிறான். அவனுடைய சின்னதிடம் எதைக் கேட்டாலும் அது "ஓசர்" என்கிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குச் சரி என்பதுதான் இனி அர்த்தம். அகராதிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

ஆனால் பொய்க்குப் பசி அடங்குவதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "அந்த மூணு வருசமும் அப்பா என்னயப் பத்திப் பேசுவாங்களாம்மா?"

"பேசாம இருப்பாராடா?" என்றேன்.

"என்னா சொல்வாங்க?"

சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை குட்டிக்காரன், தாடியில் ஒன்றிரண்டு நரைகூட வந்துவிட்டது, முகம் மட்டும் அப்படியே எட்டு வயதுப் பிள்ளையின் முகம். மழை பெய்தால் நீ குடை கொண்டுபோனாயா என்று கேட்பார் என்றேன். உனக்குப் பிடிக்கும் என்று சொல்லி ஒரு பலாக்காயைப் பறிக்காமல் விட்டு வைத்தார் என்றேன். மருமகள் மாசமான சேதி கேட்டு, கோயிலில் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்தார் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நடந்ததுபோல் இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் கண்ணீர் விழ விழச் சாப்பிட்டான்.

ஒன்றுகூட அவர் சொன்னதில்லை, செய்ததும் இல்லை. அந்த மனுசன் மேல் எனக்கு இருக்கிற கோபம் என்னோடுதான் போகும். நாக்கு நன்றாக இருந்த நாளில் "வாடா" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் பண்டாரவளையிலிருந்து ஓடியே வந்திருப்பான். அதைச் செய்யாமல் போய்விட்டார். அவர் பேசாத பேச்சையெல்லாம் இப்போது நான் ஒவ்வொன்றாக உண்டாக்கி என் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை வந்தாலும் கேட்பான். அதற்கும் ஏதாவது யோசித்து வைக்க வேண்டும்.