சயான் இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என் கணவர் ராணுவத்தார் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்து ஆண்கள் அத்தனை பேரும் காம்பவுண்டில் இறங்கி அதைச் சுற்றி நின்றார்கள். ஃபோர்ட் பக்கத்து ஆபீஸ்களில் நாள் முழுக்க ஃபைல் கட்டி வைக்கிறவர்கள். அன்று சாயங்காலம் எல்லாருமே இன்ஜினியர்கள்.

அவர்களுக்குத் தலைவர் எங்கள் அத்திம்பேர். என் கணவருடைய அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர், மேல்மாடியில் குடியிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

வண்டியில் ஒரு குறை. முன் பிரேக்கைப் பிடித்தால் பன்றியைப் பிடித்தது போலக் கத்தும். ஆனால் வண்டி நிற்கும். கத்தினால் என்ன, நிற்கிறதே என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"கத்தறதுன்னா காய்ஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். எண்ணெய் விடணும்" என்றார் அத்திம்பேர்.

என் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியை என் கணவரே உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனார். அத்திம்பேர் குனிந்து, முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்பு டிரம்மின் விளிம்பில் குப்பியின் மூக்கைச் செருகி, சளைக்காமல் அமுக்கினார். கத்தல் நின்றது. கட்டடமே அவரைப் பாராட்டியது. எண்ணெய்க் கையால் டப்பா மூடியைத் திருக முடியாது என்பது சமையலறையில் நிற்கும் எவளுக்கும் தெரியும். உராய்ந்து நிறுத்த வேண்டிய சாமானுக்கு எண்ணெய் விடுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சயான் இறக்கத்தில் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போயிற்று. என் கணவர் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி கேட்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போக, இருவருமாக வைக்கோலுக்குள் நுழைந்தோம். அவருக்கு முழங்கால், எனக்கு முழங்கை. அவருடைய மூக்குக்கண்ணாடி வைக்கோலுக்குள் எங்கேயோ போய்விட்டது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "அந்தா ஹை க்யா?" என்றான். அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே குருடர்தான். என் பட்டுப்புடவையெல்லாம் வைக்கோல். அங்கிருந்து மாதுங்கா வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

அத்திம்பேர் பால்கனியிலேயே தீர்ப்புச் சொன்னார். "கேபிள் நீண்டிருக்கும். டைட் பண்ணினா சரியாயிடும்."

கேபிளை முறுக்கினார்கள். முறுக்கி முறுக்கி, பிரேக் கைப்பிடியை விரலால் அசைக்கவே முடியாத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு என் கணவர் காம்பவுண்டுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போய்த் துளசி மாடத்தில் இடித்தார்.

அத்திம்பேர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்னால பொம்மனாட்டி உக்காந்தா வெயிட்டெல்லாம் பின்னாடி போயிடறது. அப்புறம் முன் பிரேக் எப்படிப் பிடிக்கும்?"

துளசி மாடத்தில் இடித்தபோது பின்னால் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. அதை என் கணவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். கல்யாணமான நாளாக அவர் மேல் எனக்கு வராத இளப்பம் அந்தத் தலையாட்டலில் வந்தது.

மறுநாள் இருவரும் ஆபீஸ் போனதும் மேல்மாடிக்குப் போய் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் கீழ வாங்கோ. பிரேக்கைப் பாக்கலாம்."

"நாமளா?"

"அவா பாத்த லட்சணத்தைத்தான் பாத்தேளே."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

கைப்பிடியை அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் சக்கரத்தருகில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் பிடித்தபோது கேபிள் இழுத்தது. சக்கரத்தில் இருந்த சின்ன இரும்புக் கையும் அசைந்தது. அப்படியானால் கேபிளில் குற்றமில்லை. குற்றம் டிரம்முக்குள். விளிம்பிலிருந்து சக்கரக் கம்பிகள் வரைக்கும் கறுப்பாக எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. இதைப் பார்க்கக் குனிந்தாலே போதும். ஆபீஸ் சட்டை கசங்கும் என்று குனியாமல் இருந்திருக்கிறார்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ராணுவக்காரன் வண்டியிலேயே ஒரு ஸ்டாண்டு வைத்திருந்தான். கேபிளைக் கழற்றி, அச்சின் நட்டைத் திருகினோம். நாத்தனார் ஸ்பானரின் மேல் ஏறி நின்ற பிறகுதான் அது அசைந்தது. சக்கரம் வெளியே வந்ததும் டிரம்மின் மூடியைத் தனியாக எடுத்தேன். உள்ளே பிறைபோல் வளைந்த இரண்டு ஷூக்கள், ஸ்பிரிங்கால் கோத்திருந்தன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த பட்டைதான் டிரம்மில் உராய்ந்து வண்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பட்டை எண்ணெயில் ஊறி, பொரித்த அப்பளம்போல் பளபளத்தது.

எது மேலே, எது கீழே என்று மறந்துவிடாமல் மேலே இருந்ததற்கு நாத்தனார் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். ஸ்பிரிங்கை எடுக்கும்போது அவள் விரலை அது நன்றாகக் கடித்தது. அவள் கத்தவில்லை. "இதைச் செய்ய இவருக்குத் துப்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கணவரைப் பற்றி அவள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

பழைய அலுமினியச் சட்டியில் துணி துவைக்கிற சோடா போட்டு ஷூக்களைக் கொதிக்க வைத்தோம். எண்ணெய் மேலே மிதந்து வந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி, இனி வராது என்று தெரிகிறவரை கொதிக்கவிட்டு, மொட்டைமாடி வெயிலில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்தோம். டிரம்மைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தோம். ரேஷன் கூப்பனில் வாங்கிய பெட்ரோல் அது; என் கணவர் பார்த்திருந்தால் அழுதிருப்பார். பட்டை காய்ந்ததும் பளபளப்பு போகும் வரை உப்புத்தாளால் தேய்த்தோம்.

திரும்பப் பூட்டும்போது நாத்தனாரைக் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நட்டை முறுக்கினேன். அப்போதுதான் ஷூக்கள் இரண்டும் டிரம்மின் நடுவில் சரியாக உட்காரும். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உரசும் வரை கேபிளை முறுக்கி, உரசல் நிற்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தினேன். வண்டியை இருவருமாகத் தள்ளிக்கொண்டு ஓடி, பிரேக்கைப் பிடித்தேன். கத்தாமல் நின்றது. நாத்தனார் போய் அதன்மேல் மோதிக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் என் கணவர் ஓட்டிப் பார்த்து அசந்துபோனார். அத்திம்பேர் அசரவில்லை.

"எண்ணெய் உள்ள இறங்கி செட்டாக டைம் வேணும். நான்தான் சொன்னேனே."

"நாங்க ரெண்டு பேரும் கழட்டி, உங்க எண்ணெயைக் கொதிக்க வெச்சு எடுத்தோம்" என்றாள் நாத்தனார். அடிபட்ட விரலையும் நீட்டிக் காட்டினாள்.

அவர் விரலைப் பார்த்தார். "அப்பளம் இடறச்சே நசுங்கித்தா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிப் போனார்.

சில வாரங்கள் கழித்துக் கட்டடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பரிமாறிக்கொண்டு போகையில் அத்திம்பேரின் குரல் கேட்டது. பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்காத்துப் பொம்மனாட்டிகளுக்கே பிரேக் வேலை கத்துக்குடுத்துட்டேன், ஓய். எல்லாம் மேலேருந்து நான் சொல்லச் சொல்லப் பண்ணினா." அவருக்கு அடுத்த இலையில் என் கணவர். ரசம் சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நாத்தனார் பாயசத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். பக்கத்து இலைக்காரருக்கு ஊற்றினாள், தன் தம்பியையும் புருஷனையும் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். அத்திம்பேர் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.