எலும்புக்குச் சொன்ன உண்மை

ஆண்டவரின் பிள்ளைகளே, நான் ஒருவரை அடித்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதை மறைத்துச் சொல்லும் சாட்சியால் யாருக்கும் பயனில்லை.

1984, தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி மாலை. பக்கத்து வளவுச் சூசைப்பிள்ளை எங்கள் எல்லை வேலியின் பூவரசங்குழையைத் தன் ஆடுகளுக்காக மொட்டையடித்திருந்தார். கேட்டேன். என் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொன்னார். கன்னத்தில் அறைந்தேன். ஓர் அறை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பொலிசார் வந்தார்கள். உலக்கையால் அடித்து அவருடைய வலக்கையை நான் முறித்துவிட்டேனாம். அறை என்றால் சாதாரண காயம், தண்டப்பணத்தோடு போகும். எலும்பு முறிந்தால் கடுங்காயம், மறியற்சாலையில் சிறைவாசம். பிணையில் வெளியே வந்தேன். சாவகச்சேரி நீதிமன்றச் செய்திகளைப் பத்து வருடமாகப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். அடிதடி வழக்கில் நின்றவர்களை நாலு வரியில் முடித்துவிட்டு, ஐந்தாவது வரிக்கு இவர்கள் தகுதியில்லை என்று நினைத்தவன். மறியலுக்குப் போனால் என் வேலை போகும். மூன்று பெண்பிள்ளைகளின் பெயரும் கூடவே போகும்.

அடுத்த ஞாயிறு பூசையில் சூசைப்பிள்ளை கைக்கட்டோடு முன்வரிசையில் முழந்தாளிட்டார். சபை உச்சுக்கொட்டியது. நான் இருந்த வாங்குப் பலகையில் இடம் தாராளமாக இருந்தது.

என் சட்டத்தரணியின் கிளாக்கர் ஆறுதல் சொன்னார்.

"ஏன் ஐயா யோசிக்கிறியள்? அண்டைக்கு நீங்கள் ஊரிலையே இல்லை, சுன்னாகத்திலை நிண்டதெண்டு சொல்ல ரெண்டு பேர் இருக்கினம். நல்லாச் சொல்லுவினம்."

"உவைக்கு என்னைத் தெரியுமோ?"

"கோட்டுக்கு வரேக்கை காட்டிவிடுறன்."

சீ என்று எழும்பி வந்திருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். என் விசுவாசம் அந்த அளவுதான்.

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் பிடித்தேன். எட்டு நாளும் ஒரே செபம்: சூசைப்பிள்ளையின் பொய்யை உடையும், என் பொய்யைக் காப்பாற்றும். ஒன்பதாம் நாள் வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "அறைந்தது நான்தான், ஆண்டவரே. அதற்குரிய தண்டனை வரட்டும். செய்யாத குற்றத்திலிருந்து மட்டும் காப்பாற்றும்" என்று அழுதேன்.

மறுநாள் சட்டத்தரணியிடம் உள்ளதைச் சொன்னேன். "பேப்பர்க்காரர் எல்லாத்தையும் பிரசுரிக்கத்தான் வேணுமோ?" என்று சலித்தபடி வைத்திய அறிக்கையின் பிரதியைத் தள்ளிவிட்டார். முன்பும் அதைப் பார்த்திருந்தேன், பொய்க்கு இடம் தேடும் கண்ணோடு. இப்போதுதான் ஒரு வரி தெரிந்தது: ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே சூசைப்பிள்ளையின் கையில் நாட்டு வைத்தியக் கட்டு இருந்தது. சுன்னாகத்தில் நின்றதாகச் சொல்பவனுக்கு அந்த வரியால் பயனில்லை. கன்னத்தில் அறைந்தேன் என்பவன்தான் கேட்பான்: அப்படியென்றால் கை எப்படி முறிந்தது?

எங்கள் பகுதியில் முறிவுக்குக் கட்டுகிற பரியாரியார் ஒருவர்தான். யார் போனாலும் அவர் முதலில் கேட்பது, "விழுந்ததோ, அடிபட்டதோ?" இரண்டுக்கும் எண்ணெய் வேறு. பொய் சொன்னால் எலும்பு கோணலாகப் பொருந்தும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். சூசைப்பிள்ளைக்கும் அந்தப் பயம் இருந்தது. பொலிசுக்குப் பொய், ஆஸ்பத்திரிக்குப் பொய், பாவசங்கீர்த்தனத்தில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எலும்புக்கு மட்டும் உண்மை. பரியாரியாரிடம் போய்க் கேட்டேன்.

"சனி காலமை முருங்கையாலை விழுந்தவன்" என்றார் பரியாரியார். "முருங்கை முறியுமெண்டு ஆட்டுக்கும் தெரியும். உவன் ஏறியிருக்கிறான்!"

"கோட்டுக்கு வந்து இதைச் சொல்லுவியளோ, ஐயா?"

"நான் கோட்டுப்படி மிதிச்சதில்லைத் தம்பி. போயிட்டு வா."

விசாரணை நாளன்று சாட்சி யாருமில்லாமல் செபமாலையும் வெறுங்கையுமாகப் போனேன். பின் வாங்கில் பரியாரியார் இருந்தார், மடியில் எண்ணெய்ப் போத்தலோடு.

சூசைப்பிள்ளை சத்தியம் செய்தார். "கை எப்படி முறிந்தது?" என்று என் சட்டத்தரணி கேட்டார். உலக்கை என்று சொல்ல வாயைத் திறந்தவர் பின் வாங்கில் இருந்தவரைக் கண்டுவிட்டார். கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. கையைப் பார்த்தார். பரியாரியாரைப் பார்த்தார்.

"முருங்கையாலை விழுந்தனான், ஐயா."

மன்று சிரித்தது. கடுங்காயக் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. அறைந்ததை ஒப்புக்கொண்டேன், தண்டமும் எச்சரிக்கையும் கிடைத்தன.

வெளியே பரியாரியாரின் கையைப் பிடித்து, ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "இண்டைக்குக் கட்டவிழ்க்கிற நாள். அவன் வரேல்லை, நான் வந்தனான்" என்றார். அவரை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைய செய்தியை நானே எழுதினேன். நாலு வரி. அயலவரை அறைந்தவர் என்ற இடத்தில் என் பெயர். அதன்பிறகு குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும், அவர் பக்கத்தைக் கேட்காமல் எழுதியதில்லை. சூசைப்பிள்ளையை மன்னித்துவிட்டேன். மதிப்பு இன்னும் வரவில்லை, அதற்காகவும் செபிக்கிறேன்.

உங்களில் ஒருவர் நாளை கூண்டில் நிற்கலாம். செய்ததைச் செய்தேன் என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் சொல்லுங்கள். அதற்கு முன், பரியாரியிடம் போவதுபோல ஆண்டவரிடம் போங்கள். அவரும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: விழுந்ததோ, அடிபட்டதோ?