பொட்டலம் கட்டுகிறவள்

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பொட்டலம் கட்டறா" என்பார் மாமியார். கேட்டவர்கள் ஏதோ கடையில் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை. பொய்யும் இல்லையே.

பகலில் ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது சம்பளத்துக்கு. பொட்டலம் கட்டுவது சும்மா. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று எழுதியவர்களே இலவசமாக விட்ட மென்பொருள்களை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்குப் பொருந்தும்படி பக்குவம் செய்து, பொட்டலமாகக் கட்டி, எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் வைப்பாள். நன்றி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். ஏதாவது ஓடவில்லை என்றால் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள்.

அதில் ஒன்று, ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்ய உதவும் செயலி. பார்வை இல்லாத அவளுடைய நாத்தனாருக்கு அதுதான் பிழைப்பு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் அந்தச் செயலியில் பேசுவதற்கு, இவள் சேர்த்த சிறு திருத்தம்தான் காரணம்.

செயலியை எழுதியவனுக்குத் திடீரென்று ஞானோதயம். இனி அவனே எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவானாம். எந்தக் கணினியிலும் ஓடுமாம். ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இவளுடைய பொட்டலத்தைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். வெளியே வேறு எந்த மென்பொருளோடும் பேசவிடாமல் மூட்டையை இறுக்கியிருந்தான். குரல் அதில் ஊமையாகிவிட்டது. திருத்தத்தை அனுப்பினாள். வேண்டாம் என்று திருப்பிவிட்டான். அவனையே போனில் பிடித்தாள்.

"நீங்க மாத்தி வைக்கிறீங்க, புகாரெல்லாம் என் தலையில விழுது," என்றான்.

"சரிங்க, பார்வை இல்லாதவங்க என்ன பண்றது?"

"அப்படி எத்தனை பேருங்க இருக்கப்போறாங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தி எங்க வீட்லயே இருக்கா. கூப்பிடவா, எண்ணிப் பாக்கறீங்களா?"

"என்ன வேணா பண்ணிக்குங்க. என் செயலியோட பேர்ல பண்ணாதீங்க."

அவன் வைத்த பெயரில் அவன் சம்மதமில்லாமல் வைக்க முடியாது என்று களஞ்சியத்தை நடத்துகிறவர்களும் கையை விரித்துவிட்டார்கள். "விடுங்க அண்ணி, வேற வேலை ஏதாவது கிடைக்கும்," என்றாள் நாத்தனார். அந்தச் சமாதானத்தைக் கேட்டதும்தான் இவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வீட்டில் விட்டுக்கொடுப்பது எப்போதும் நாத்தனார்தானா?

உட்கார்ந்து, தன் பொட்டலத்தில் அவன் வைத்த பெயரைத் தலைப்பு, பட்டியல், உதவிப் பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பிடுங்கி எறிந்தாள். காலி இடத்தில் வாயில் வந்த சொல்லைப் போட்டாள். களஞ்சியத்துக்கும் அனுப்பினாள். பெயர் வேறு என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை.

நாத்தனார் விசையைத் தட்டினாள். "பொட்டலம். தயார்," என்றது குரல்.

"நான் சொன்னதைத்தானே அதுவும் சொல்லுது!" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பவாவது கோவம் போச்சா அண்ணி?"

போகவில்லை. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தபோது இன்னும் ஏறியது. 'எனக்கும் கேட்கிறது' என்று ஒருவர். 'வேலையை விட்டுவிட இருந்தேன்' என்று இன்னொருவர். இத்தனை பேரும் இவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஒன்றுக்கும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்காமல், வந்தது வந்தபடி அவனுக்கே அனுப்பினாள். எண்ணிக்கொள்ளட்டும்.