அகல டயர்

ரோஷன் தன் பழைய காரை வெளியாளுக்கு விற்காமல் தங்கை ஃப்ளோராவுக்குக் கொடுத்தான். அதை ராயபுரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவள் அவள்தான். ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக வருஷக்கணக்கில் இறால் உரித்தவளுக்குச் சொந்தக் கார் என்றால் சும்மாவா? கழுத்துச் செயினைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்து வாங்கினாள். வாங்கிவிட்டு, பின்கண்ணாடியில் 'அண்ணன் ரோஷன் அன்பளிப்பு' என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டினாள். அவ்வளவு வெகுளி.

டயர்கள் நல்ல அகலமாக, பார்க்க ஜம்மென்று இருந்தன. "பெரிய வண்டி டயருமே, உனக்காவ போட்டுகிறேன்" என்றான் ரோஷன். அதையும் நம்பினாள்.

கத்திவாக்கத்துப் பெண்களைக் காசுக்கு இறால் கம்பெனிக்கு ஏற்றிப் போனாள். எண்ணூர் சாலை வளைவில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஆடி அசைந்துதான் திரும்பும். பின்சீட்டில் அலறல். "இவளுக்கு ஓட்டத் தெரில" என்று பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ரோஷனும் அதையேதான் சொன்னான். ஃப்ளோரா தன் கையையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் திருவொற்றியூர் டயர் கடைக்குப் போனாள். பக்ருதீன் பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"உன் கை மேல தப்பு இல்லம்மா. ரிம்மு ஒல்லி, அஞ்சு இன்ச்சு. அதுல இம்மாம் அகல டயர ஏத்திகிறாங்க. நடுவுல உப்பிக்கினு, நடு மட்டும் தேஞ்சி கீது பாரு. திருப்பத்துல ரிம்ம வுட்டுக் கழண்டிருந்தா அவ்ளோதான். இந்த டயரு அகல அலாய் வீலோட இருந்தது. வீல எவனோ உருவிக்கினு, டயர மட்டும் உன் தலைல கட்டிகிறான்."

எவன் என்று அவளுக்குத் தெரியும். ரோஷனின் புது வண்டியில் மின்னிய அலாய் வீலைத் தடவிப் பார்த்து, "சோக்கா கீதுண்ணே" என்றவளே இவள்தானே. அங்கேயே நின்று போன் போட்டாள்.

"ஏண்ணே இப்டி பண்ண?"

"ஓடுது இல்ல? இறால் உரிக்கிறவளுங்கள ஏத்தினு போற வண்டிக்கு அலாய் கேக்குதா?"

"டயரு கழண்டிருந்தா செத்திருப்பேன்ணே."

"சாவல இல்ல? வை போன."

பாய் ரிம்முக்கு ஏற்ற ஒல்லி டயரைப் போட்டுக் கொடுத்தார். இப்போது கார் சொன்னபடி திரும்புகிறது. நின்ற பெண்கள்தான் திரும்பவில்லை. ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டி எடுத்தாள். பசை மட்டும் போகவில்லை. வெயில் பட்டால் அண்ணன் பெயர் இன்னும் தெரிகிறது.