பரீனா மிஸ்ஸிடம் பேசியவர்களுக்கு

பெரகலைச் சந்தியில் நின்றபோது போன் வந்தது. "பரீனா மிஸ் காலையில மௌத்தாகிட்டாங்க. இன்னைக்கே அடக்கம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு" என்றார், மூன்று மாதமாக அவருடைய இடத்தில் என்னோடு பேசிவரும் இளம் உளவளத்துணையாளர். ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டிய நான் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

பரீனா மிஸ்ஸிடம் வந்துபோன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் ஒருவரையொருவர் அறியமாட்டோம். பதுளை மனநலக் கிளினிக் வாசலில் முகம் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். அக்கா குடும்பத்தை மண்சரிவு கொண்டுபோன மறு வருடம், ஒரு பகலில் தூறல் விழுந்ததும் பதினொரு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஒரு பிள்ளை விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டது. "கிளினிக்குக்குப் போங்க, இல்லாட்டி வேலைக்கு வராதீங்க" என்றுவிட்டார்கள் தோட்டத்து ஆபீசில்.

"எல்லா மழைக்கும் மலை சரியாது" என்றார் மிஸ், முதல் நாள். எனக்குக் கோபம் வந்தது. "நீங்க டவுன்ல இருக்கீங்க. எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால வந்து நின்னு பாருங்க" என்றேன். அடுத்த முறை நான் உட்கார்ந்ததுமே, "நான் பேசினது பிழை. உங்கட எடம் எப்படின்னு கேக்காமலே ஆறுதல் சொல்லிட்டேன்" என்றார். படித்தவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. மலையைப் பார்க்க வரச்சொல்லி அதிகாரிகளுக்கு மனு எழுதவும் சொன்னார். வந்து பார்த்தவர்கள் மேல் லயத்து நான்கு குடும்பங்களை வேறிடம் மாற்றினார்கள். எங்கள் லயத்துக்கு ஆபத்தில்லை என்றார்கள். "பாத்தீங்களா, உங்கட பயத்துல பாதி சரி. மிச்சப் பாதியத்தான் நாம பேசணும்" என்றார் மிஸ்.

பதுளைக்குப் போய்வந்தால் ஒரு நாள் வேலை கெட்டது. ஆகவே போனில் பேசினோம். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் இருக்கும். அங்கே எப்போதும் யாராவது குடத்தோடு நிற்பார்கள். "நான் கேக்குறேன். ஆமா, இல்ல மட்டும் சொல்லுங்க. ஆள் போனதும் மிச்சத்தச் சொல்லலாம்" என்றார். அந்த ஆமா, இல்லையைக் கேட்ட பெண்கள் வெளிநாட்டு வேலை ஏஜென்சியோடு பேசுகிறேன் என்று நினைத்து, "எப்ப குவைத்துக்குப் போற?" என்று விசாரித்தார்கள்.

ஆளில்லாத ஒரு நாளில் சொன்னேன். "மண் சரிஞ்ச அன்னைக்கி ராத்திரி அக்கா போன் பண்ணிச்சு மிஸ். 'மழை பலமா இருக்கு, ஒங்க வீட்டுக்கு வரட்டா'ன்னு கேட்டுச்சு. காலையில வான்னுட்டேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு, "அக்காட பேரு என்ன?" என்று கேட்டார்.

"பாக்கியம்" என்றேன். அன்றுதான் அழுதேன்.

உன்மேல் பிழையில்லை என்று ஊரே சொல்லியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "மழை பெய்யுதுன்னு மட்டுந்தான் அன்னைக்கித் தெரியும். இன்னைக்கித் தெரிஞ்சத வச்சி அன்னைக்கிப் பேசினவள அடிக்காதீங்க" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன், "எனக்கு நோய் வருத்தம் கூடிட்டு, இனி வேலை செய்ய ஏலாது" என்று அவரே சொன்னார்.

"நீங்களும் போறீங்களா?"

"ஆமா. கோவமா?"

"ஆமா."

"சரி. அதையும் புது மிஸ்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். மகள் எழுந்து வந்து, "உம்மாவ எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். சினேகிதி என்று சொல்லத்தான் வாய் வந்தது. "மனசு சரியில்லாம இருந்தேன். அம்மாகிட்ட கவுன்சலிங் வந்தேன்" என்றேன். என் தோட்டத்தில்கூட நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"உம்மா வீட்டுல ஒருத்தர் பேரும் சொன்னதில்ல. நீங்க சொன்னதாலதான் தெரியுது" என்று சொல்லி, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மூலையில் இருந்த ஒரு பெண், "நானும் அப்படித்தான்" என்றாள்.

மழைக்கு இன்னும் பயம்தான். ஆனால் தூறல் விழுந்தால் வாசலுக்கு வந்து மலையை ஒரு முறை பார்க்கிறேன். பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குப் பால் கலக்குகிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.