வேர்க்காத ஓட்டக்காரி

முடிவெட்டும் கடை நடத்துகிற அம்மாவுக்கு, முடியே சரியாக வளராத மகள். யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "என் கத்திரிக்கு வீட்டுலயாவது ஓய்வு வேணாமா?" என்று அவர்களைவிடப் பலமாகச் சிரிப்பாள் அம்மா.

அவளை உண்மையில் வாட்டியது மகளின் காய்ச்சல்தான். வெயில் ஏறினால் போதும், குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதிக்கும். எந்த மருந்துக்கும் இறங்காது. மழை பெய்தால் தானாகப் போய்விடும். வயது நாலாகியும் பல் வரவில்லையே என்று பல் டாக்டரிடம் தூக்கிப் போனபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஈறுக்குள் கூம்பு மாதிரி இரண்டே பற்கள். பிள்ளையின் காய்ந்த கையைத் தடவியபடி கேட்டார்:

"இவளுக்கு வேர்க்குமா?"

அம்மா யோசித்தாள். எத்தனை நாள் தோளில் சுமந்திருக்கிறாள்! அந்தக் கழுத்து ஒருநாளும் ஈரமானதில்லை.

"இல்லையே டாக்டர்!"

"அபூர்வமா சில குழந்தைங்களுக்குப் பிறவியிலேயே வர்ற மரபணுக் கோளாறு இது. தோல், முடி, பல், வேர்வைச் சுரப்பி எல்லாத்தையும் பாதிக்கும். வேர்க்காததால உடம்புச் சூடு வெளிய போக வழியில்ல. அதான் காய்ச்சல். வெயில்ல விடாதீங்க, உடம்பை நனைச்சுக்கிட்டே இருங்க. நல்லா வளருவா."

பெரிய ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனையும் அதையே சொன்னது. கடையில் தலை நனைக்கும் ஸ்பிரே பாட்டில் அன்றே மகளின் தோளுக்கு மாறியது. கண் வறளாமலிருக்கச் சொட்டு மருந்தும், கொஞ்ச நாளில் ஒரு குட்டிப் பல்செட்டும் வந்தன. பல்லை மாட்டியதும் அவள் கேட்டது ஒரு கேரட். "நறுக்காம குடும்மா!"

பள்ளிக்கூடம் சேர்ந்ததும் ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். விளையாட்டு வாத்தியார் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"மயங்கி விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

"காலையில முதல் பந்தயமா வெச்சிருங்க சார். வெயில் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவரும் மனமிறங்கினார். அம்மா மகளின் பனியனை நனைத்து மாட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு எல்லைக் கோட்டருகே போய் நின்றாள். வரிசையில் நின்ற மகள் சட்டென்று பல்செட்டைக் கழற்றி வாத்தியார் கையில் திணித்தாள்.

"பத்திரம் சார், தொலைஞ்சா அம்மா திட்டுவாங்க!"

ஒரு கையில் விசில், மறு கையில் பல். எதை வாயில் வைப்பதென்று ஒரு கணம் தடுமாறிப் போய்த்தான் அவர் ஊதினார்.

பொக்கை வாய்ச் சிரிப்போடு மகள் இரண்டாவதாக வந்து சேர்ந்தாள். அம்மா நேரே அவள் தலையில் தண்ணீரைக் கவிழ்த்தாள். கூட்டம் ஆரவாரித்தது. முதலில் வந்த பெண் தன் பரிசை மறந்து வாளியருகே ஓடிவந்தாள்.

"அத்தை, எனக்கும் ஊத்துங்க!"