நாகராசு அண்ணன் நிறுத்தி வைத்த காவல்

கீரமங்கலத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஓடி வருவது நாகராசு அண்ணன் கடைக்குத்தான். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படத்தைச் சரிசெய்து எழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. லேமினேஷன் போடுவதும், பென் டிரைவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரஸ்ஸில் கொடுத்து வாங்கி வருவதும் என் வேலை. எட்டு வருஷமாகச் செய்கிறேன்.

அண்ணன் எந்தப் படத்தையும் அழிக்க மாட்டார். செத்தவர்கள் எல்லாரும் ஊர்வாரியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தார்கள். "வருஷம் திரும்புனா வந்து கேப்பாங்க. அப்ப எங்கிட்டுப் போய்த் தேடுறது?" என்பார்.

போன வருஷம் அதற்கு வைரஸ் பாதுகாப்பு ஒன்று வாங்கினார். பேங்க் வேலைக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை என்று போனில் விற்றவன் சொன்னான். அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நாளும் பேங்க் வேலை பார்த்ததில்லை. அவருக்கு எல்லாமே பென் டிரைவ்தான். அதைச் செருகினால் அந்தக் காவல் கால் மணி நேரம் சோதிக்கும்.

"மூணு மணிக்கு எடுக்கிறாங்க. இது சோதிச்சு முடிக்கிற வரைக்கும் பொணம் காத்திருக்குமா?" என்று நிறுத்திவிடுவார். வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார். அதற்குள் அடுத்த வீட்டார் அழுத கண்ணோடு வந்து நிற்பார்கள். திரையின் மூலையில் பச்சையாக இருக்க வேண்டிய அடையாளம் மாதக்கணக்கில் சிவப்பாகவே கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் பார்ப்பேன். எட்டாவதோடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிரஸ்ஸிலிருந்து நான் கொண்டுவந்த பென் டிரைவை அண்ணன் செருகினார். சாயங்காலம் ஒரு படமும் திறக்கவில்லை.

மறுநாள் புதுக்கோட்டையிலிருந்து கோபிநாத் என்று ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் இனி வராதுண்ணே," என்றார். "வேற பாதுகாப்பு போட்டுத் தர்றேன். இதுல தினமும் என்ன வேலை பாப்பீங்க?"

"எல்லா வேலையுந்தான்."

"பழைய பாதுகாப்பை வாங்கினப்பவும் இப்படித்தான் சொல்லியிருப்பீங்க."

என் வாயிலிருந்து வந்துவிட்டது. "பென் டிரைவ் வேலைதான் சார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு. காவலை அண்ணன் நிறுத்தி வச்சிருவாங்க."

அண்ணன் திரும்பினார். "பாத்துக்கிட்டேதான் இருந்தியா?"

நான் லேமினேஷன் தாளை அடுக்கத் தொடங்கினேன்.

பென் டிரைவைச் சட்டென்று சோதிக்கிற ஒன்றைக் கோபிநாத் போட்டுக் கொடுத்தார். நிறுத்தப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை என்னிடம்தான் எழுதிக் கொடுத்தார். படங்களை நகல் எடுத்துக் கழற்றி வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கும் வந்தது. நகல் எடுக்கத்தான் படம் இல்லை.

அந்த வாரமே முத்துமாரியம்மாள் அக்கா வந்தார். நான் பால் வாங்குவது அவர் வீட்டில்தான். மகன் அரவிந்த்குமார் பைக்கில் அடிபட்டுச் செத்து வருஷம் திரும்புகிறது. வீட்டில் மாட்டியிருந்த படம் விளக்குப் புகையும் ஈரமும் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. அவன் செல்போன் பைக்கோடு நசுங்கியது. ஆதாரில் இருப்பது யாரோ மாதிரி இருக்கிறது.

"ஒங்ககிட்ட இருக்குமே தம்பி."

அண்ணன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்காவின் முகம் மெல்ல மாறியது.

"அக்கா, மாட்டுக் கொட்டகைத் தட்டியில ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கீங்களே," என்றேன். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி கட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன்.

"பாக்க முடியாமத்தானே ஆத்தா உள்பக்கமாத் திருப்பிக் கட்டினேன்."

அண்ணனும் நானும் போய் அவிழ்த்தோம். வெயில் படாததால் நிறம் இருந்தது. மாடு உரசி இடது கன்னமும் வாயோரமும் தேய்ந்திருந்தன. செல்போனில் படம் எடுத்து வந்து மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார் அண்ணன். கன்னம் வந்தது. அவன் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அது வரவில்லை.

பிரேம் போட்டுக் கொடுத்தோம். முத்துமாரியம்மாள் அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருக்காக்கா?" என்றார் அண்ணன்.

"இருக்கு தம்பி."

படத்தின் முகத்தை உள்பக்கமாகத் திருப்பி, மார்போடு பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.